அடுத்த தலைவரின் திறன் என்னவாக இருக்கும்? அறிவிப்புக்கு முன்பே கணிக்கும் வழி

சிவிலைசேஷன் மாதிரி, ஒரு நாட்டையும் வரலாற்றுத் தலைவரையும் தேர்ந்தெடுத்து ஆடும் வியூக கேமில் புதுத் தலைவர் வரப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியதுமே ஆளுக்கொரு பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். கப்பலுக்கு +10 பலம், வணிகப் பாதைக்கு இரட்டை வருமானம், இலவசமாக ஒரு கோயில், காயம்பட்ட படை தானாகத் தேறும் என்று அந்த அரசர் வாழ்நாளில் செய்த அத்தனையும் அதில் வந்துவிடும். இப்படிப் போடும் பட்டியல் அநேகமாகத் தப்பாகிவிடும். திறனை எழுதுகிறவர்கள் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கித் தருவதில்லை, அதிலிருந்து ஒரே ஒரு செயலை உருவி எடுக்கிறார்கள். எந்தச் செயல், அது ஆட்டத்தின் எந்தக் கணக்கில் கை வைக்கும், எவ்வளவு வைக்கும். இந்த மூன்றையும் இதே வரிசையில் கண்டுபிடிக்க வேண்டும்.

உதாரணங்களைப் பெரும்பாலும் சிவிலைசேஷன் 6-இலிருந்து (சுருக்கமாக சிவ் 6) எடுத்திருக்கிறோம். 2016-ல் வெளிவந்து, விரிவாக்கங்கள் எல்லாம் முடிந்து, எண்கள் ஒரு நிலைக்கு வந்துவிட்ட ஆட்டம் அது. 2025 பிப்ரவரியில் வந்த சிவ் 7 தேவைப்படும் இடத்தில் வரும்.

நாட்டுக்குப் போனது தலைவருக்கு வராது

முதலில் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, நாடு ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிவ் 6-ல் நாட்டுக்கு ஒரு திறன், ஒரு தனிப்பட்ட யூனிட் (படைப்பிரிவு), பெரும்பாலும் ஒரு கட்டடமோ நில மேம்பாடோ உண்டு. தலைவருக்கு ஒரு திறனும், கணினி (ஏஐ) அவராக ஆடும்போது அவர் எதை விரும்புவார், எதை வெறுப்பார் என்ற கொள்கையும் மட்டும்தான். ஒரு சில தலைவர்களுக்குத்தான் சொந்தமாக யூனிட் கிடைக்கும்.

இந்தியாவைப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். படிக்கிணறும் வாரு யானையும் நாட்டுக்குச் சொந்தம். காந்தி வந்தாலும் சந்திரகுப்த மௌரியர் வந்தாலும் அவை மாறாது. காந்திக்கு சத்தியாகிரகம்: மதம் நிறுவிய, ஆனால் தன்னோடு போரில் இல்லாத ஒவ்வொரு நாட்டுக்கும் +5 ஃபெய்த் (மதப் புள்ளி). தன்மேல் போர் தொடுப்பவரின் மக்கள் சீக்கிரம் சலித்துப்போவார்கள். சந்திரகுப்தருக்கு அர்த்தசாஸ்திரம்: நிலம் பிடிக்கும் போரை அறிவித்தால் முதல் 10 டர்னுக்கு (ஆட்டச் சுற்றுக்கு) +2 நடை, +5 பலம். நாடு ஒன்றுதான், ஆட்டமோ எதிரெதிர் திசையில் போகிறது. யானைப்படை சந்திரகுப்தர் திறனில் வரும் என்று நினைத்திருந்தால் அங்கேயே சறுக்கியிருப்போம்.

மாலி நாட்டிலும் இதே குழப்பம் வரும். யூனிட், கட்டட உற்பத்தியில் 30% குறைவு என்ற அந்தப் பிரபலமான தண்டனை அதன் தலைவர் மான்சா மூசாவுடையது அல்ல, நாட்டுடையது. மூசாவுக்குச் சொந்தமானது, புறப்படும் நகரத்தில் உள்ள ஒவ்வொரு சமதளப் பாலைவனக் கட்டத்துக்கும் வெளிநாட்டு வணிகப் பாதையில் +1 தங்கம்.

சிவ் 7-ல் இந்தப் பிரிவு இன்னும் கறார். தலைவரும் நாடும் முற்றிலும் தனித்தனி. எந்தத் தலைவரையும் எந்த நாட்டோடும் சேர்க்கலாம், காலகட்டம் மாறும்போது நாடே மாறலாம். ஆகவே தலைவரின் திறன் மூன்று காலகட்டங்களிலும் வேலை செய்தாக வேண்டும். 'தேக்குக் கப்பலுக்குப் பலம்' என்று எழுதினால் ரயில் ஓடும் காலத்தில் அதற்கு என்ன வேலை?

ஒரே ஒரு செயல்

அடுத்து, அந்த ஆளைப் பற்றிப் பத்துச் செய்திகளை எழுதி, ஒன்பதை அடியுங்கள். மிஞ்சுவது ஒரு வினைச்சொல்லாக இருக்க வேண்டும். 'வீரமானவர்', 'மதிநுட்பம் மிக்கவர்' என்றெல்லாம் பண்பை எழுதினால் கணிப்புக்கு உதவாது.

ரஷ்யாவின் பீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1703-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கை நிறுவினார், 1709-ல் பொல்தாவாவில் ஸ்வீடனைத் தோற்கடித்தார். பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது இந்த இரண்டும்தான். சிவ் 6 இரண்டையும் தொடவில்லை. 1697-98-ல் வேறு பெயரில் மேற்கு ஐரோப்பாவுக்குப் போய்க் கப்பல் கட்டுமிடத்தில் தொழில் கற்ற பயணம் இருக்கிறதே, அதை எடுத்தார்கள். வினை: 'முன்னே போனவனிடம் கற்றுக்கொள்'. ஆட்டத்தில், வணிகப் பாதை போகும் நாடு நம்மைவிட எத்தனை தொழில்நுட்பம் முன்னே இருக்கிறதோ, அதில் ஒவ்வொரு 3-க்கும் +1 அறிவியல். எதிராளி 9 தொழில்நுட்பம் முன்னே என்றால் ஒரு பாதைக்கு +3. பண்பாட்டுக்கும் இதே கணக்கு. பின்தங்கி இருப்பதே லாபம் என்ற வேடிக்கையான நிலை இதில் பிறக்கிறது. இதுவரை வந்த திறன்களில் வரலாறும் ஆட்டமும் இவ்வளவு பொருந்திய இன்னொன்றைச் சொல்வது கடினம்.

ஜப்பானின் ஹோஜோ தோகிமுனே: 1274, 1281 இரண்டு முறையும் மங்கோலியப் படையெடுப்பு கரையிலேயே முறிந்தது. வினை: 'கரையில் தடு'. கடலை ஒட்டிய நிலத்தில் தரைப்படைக்கு +5, ஆழமற்ற நீரில் கடற்படைக்கு +5. கூடவே ராணுவ முகாம், வழிபாட்டுத் தலம், நாடக மையம் ஆகிய மூன்றையும் பாதி நேரத்தில் கட்டலாம் என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. இப்படி வால் ஒட்டும் தலைவர்கள் நிறையப் பேர். முதன்மைச் செயல் போரைச் சேர்ந்தது என்றால், அமைதிக் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் இருக்க ஏதோ ஒன்று கொடுப்பார்கள். செயலைக் கணித்துவிட்டு வாலைத் தவறவிட்டாலும் வருத்தப்பட வேண்டாம். வால் பெரும்பாலும் சமநிலைக்காகக் கடைசியில் சேர்ப்பது போலத்தான் தெரிகிறது, வரலாற்றில் தேடினால் கிடைக்காது.

எவ்வளவு என்று எப்படிச் சொல்வது

எண்ணைக் குத்துமதிப்பாகப் போடுவதுதான் கணிப்புகளின் பெரிய பலவீனம். எந்தப் பலனையும் 'எத்தனை டர்ன் மிச்சம்', 'எத்தனை அடி மிச்சம்' என்று மாற்றிப் பாருங்கள்.

சண்டைக்கு: சிவ் 6-ல் இரண்டு பக்கமும் சம பலம் என்றால் ஓர் அடிக்குச் சராசரி 30 சேதம். இரு பக்கப் பலத்தின் வித்தியாசத்தை 25-ஆல் வகுத்து, இ என்ற கணித மாறிலியை அந்த அடுக்குக்கு உயர்த்திப் பெருக்க வேண்டும். +2 என்றால் சுமார் 32.5. +5 என்றால் 36.6. +10 என்றால் கிட்டத்தட்ட 45. யூனிட்டின் உயிர் 100. அப்படியானால் சம பலத்தில் சராசரியாக 4 அடி, +2 இருந்தாலும் 4 அடிதான், +5 இருந்தால் 3 அடி. (ஒவ்வொரு அடியும் 20% வரை மேலே கீழே ஆடும், அதை இங்கே விட்டுவிடலாம்.) ஆக +2 என்று நீங்கள் எழுதும் கணிப்பைத் தனியாகப் பார்த்தால் ஆடுகிறவருக்கு அது கண்ணிலேயே படாது. நிபந்தனை இல்லாமல் +10 என்று எழுதினால் ஆட்டமே கெட்டுவிடும். தோகிமுனே, சந்திரகுப்தர், காயம்பட்ட எதிரிமேல் பாயும் சித்திய அரசி தோமிரிஸ் எல்லாருக்கும் +5 தான். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

கட்டுமானத்துக்கு: ரோமின் டிராஜன் நிறுவும் நகரங்களில் முதல் காலகட்டத்தில் நினைவுச் சின்னம் இலவசம். அதன் விலை 60 உற்பத்தி. புது நகரம் டர்னுக்கு 5 உற்பத்தி தந்தால் 12 டர்ன் மிச்சம். 8 நகரம் நிறுவினால் 480 உற்பத்தி. கேட்க எளிமையாக இருக்கும் இந்தத் திறன் எவ்வளவு கனமானது என்பது பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பண்பாட்டுக்கு: ஸ்பார்டாவின் கோர்கோ கொன்ற யூனிட்டின் பலத்தில் 50% பண்பாடாக வரும். வாரியரின் பலம் 20, ஆக 10 பண்பாடு. பண்பாட்டுப் புள்ளிகளால் வாங்கும் முன்னேற்றத்துக்குக் குடிமை (சிவிக்) என்று பெயர்; முதல் குடிமையான கோட் ஆஃப் லாஸின் விலை 20. இரண்டு வாரியர்களை வீழ்த்தினால் ஒரு முழுக் குடிமை. தொடக்கத்தில் பிரமாதம். பிற்காலத்தில் குடிமைகளின் விலை ஏறும் வேகத்துக்கு யூனிட்டின் பலம் ஏறாது, அதனால் மெல்லத் தேய்ந்துவிடும். உங்கள் கணிப்பும் எந்தக் கட்டத்தில் உச்சம் தொடும், எப்போது தேயும் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். எழுத முடியவில்லை என்றால் கணிப்பு இன்னும் பழுக்கவில்லை.

நிபந்தனை இல்லாத திறன் அபூர்வம். டிராஜன் மாதிரிச் சிலர் விதிவிலக்கு. மற்றபடி 'கரையில் இருந்தால்', 'எதிரி காயப்பட்டிருந்தால்', 'முதல் 10 டர்னுக்குள்' என்று ஒரு 'ஆல்' இருக்கும். வரைபடமோ எதிராளியோ அந்த 'ஆல்'-ஐப் பறித்துவிட முடிய வேண்டும். தோகிமுனேயைக் கரையிலிருந்து தள்ளி உள்நிலத்தில் போருக்கு இழுத்தால் அவர் சாதாரண ஆள்தான்.

டிரெய்லரில் எதைப் பார்ப்பது

அறிமுக வீடியோ வந்த பிறகும், திறனின் முழு வாசகம் வெளிவரும்வரை கொஞ்சம் இடைவெளி இருக்கும். யூடியூபில் வேகத்தை 0.25-க்கு இறக்குங்கள். நிறுத்திவைத்து முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு படமாக முன்னே நகரும், காற்புள்ளி விசை பின்னே போகும். யூனிட் சாகும் நொடியில் கட்டத்துக்கு மேலே மிதக்கும் எண்ணும் சின்னமும்தான் முதல் துப்பு. ஊதாச் சின்னம் என்றால் பண்பாடு, நீலம் அறிவியல், மஞ்சள் நாணயம் தங்கம்.

இரண்டாவது துப்பு உற்பத்திப் பட்டியல். நகரத்தின் உற்பத்தி 10, நினைவுச் சின்னத்துக்கு 3 டர்ன் என்று தெரிகிறது என்று வையுங்கள். விலை 60 என்பதால் 6 டர்ன் காட்ட வேண்டும். 'பாதி விலை, கண்டுபிடித்துவிட்டோம்!' என்று குதிக்கத் தோன்றும். அதற்கு முன் அதே படத்தில் வாரியருக்கு எத்தனை டர்ன் என்று பாருங்கள். வாரியரின் விலை 40, ஆகவே 4 டர்ன் காட்டினால் வழக்கமான வேகம், உங்கள் கண்டுபிடிப்பு நிற்கும். அங்கேயும் 2 என்று இருந்தால் அது ஆன்லைன் வேகம். அதில் எல்லா விலையும் பாதிதான், தலைவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாலிசி அட்டைகளும் (ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கும் அரசுச் சலுகைகள்) இதே மாதிரி ஏமாற்றும். ஒரு பொருளின் விலையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

தலைவருக்குப் பின்னால் தெரியும் அரண்மனை, உடை, அவர் பேசும் மொழி இவற்றிலிருந்து திறனை ஊகிப்பது பெரும்பாலும் வீண்வேலை. ஓவியர்களின் மேசை வேறு, விதி எழுதுகிறவர்களின் மேசை வேறு.

செய்து பார்ப்போம்: ராஜேந்திர சோழன்

சிவ் 7 வெளியான நாளிலேயே சோழ நாடு உள்ளே இருந்தது, மூன்று காலகட்டங்களில் நடுவிலுள்ள கடலாய்வுக் காலத்து நாடாக. ஆனால் அன்றைய தலைவர் பட்டியலில் சோழர் ஒருவரும் இல்லை. ஆகவே முதலாம் ராஜேந்திரன் நல்ல பயிற்சிக் களம். (ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் 2022-ல் திராவிடர் நாடும் ராஜேந்திரன் பெயரில் ஒரு போர்த்தொடரும் வந்தன. அந்த ஆட்டத்தில் தலைவர் திறன் என்ற அமைப்பே கிடையாது, அதனால் இந்த வழி அங்கே செல்லாது.)

கோடு போட்ட தாளில் நாட்டுப் பக்கத்தை நிரப்புங்கள். சிவ் 7-ல் சோழருக்கான கடற்படை யூனிட்டின் பெயர் கலம். கட்டடங்கள் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும், இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர். கல்வெட்டுகளில் வரும் வணிகக் குழுக்களின் பெயர்கள். எல்லாரும் ராஜேந்திரனுக்குக் கேட்கும் இரண்டும், அதாவது கப்பலும் கடல் வணிகமும், ஏற்கெனவே நாட்டுக்குப் போய்விட்டன. 'அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி' என்று மெய்க்கீர்த்தியே சொன்னாலும் தலைவர் பக்கத்தில் அதை அடிக்க வேண்டியதுதான். வலிக்கும், ஆனாலும் அடியுங்கள்.

தலைவர் பக்கத்தில் மிஞ்சுவது என்ன? 1012-ல் இளவரசாகி, 1014 முதல் 1044 வரை ஆட்சி. ஈழத்தில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்தது அவன் காலத்தில்தான், ஆனால் அந்தப் போரைத் தொடங்கியவன் தந்தை ராஜராஜன். ராஜேந்திரனுக்கே உரிய செயல் என்று சொல்ல முடியாது, தள்ளுங்கள். 1023 வாக்கில் கங்கைவரை போன படை நீரைக் கொண்டுவந்தது. அந்த வெற்றியின் பெயரில் கங்கைகொண்ட சோழபுரம் எழுந்தது, சோழகங்கம் என்ற பேரேரி வெட்டப்பட்டது. அந்த ஏரியை நீர்மயமான வெற்றித்தூண் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். 1025-ல் ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படையெடுப்பு, கடாரம் வீழ்ந்தது.

கங்கைச் செய்தியில் வினை தெளிவாக இருக்கிறது: தொலைவில் வென்று, வென்றதைத் தலைநகருக்குக் கொண்டுவந்து கட்டு. கைப்பற்றல் ஒரு முனை, தலைநகர்க் கட்டுமானம் மறுமுனை. இனி அதை விதியாக எழுதலாம்:

'கங்கை கொண்டான்: தலைநகரிலிருந்து 10 கட்டத்துக்கு அப்பாலுள்ள பிறர் ஊரைக் கைப்பற்றினாலோ உடன்படிக்கையில் பெற்றாலோ, தலைநகரில் அப்போது கட்டப்படும் கட்டடத்துக்கோ அதிசயத்துக்கோ 5 டர்ன் உற்பத்தி உடனே சேரும். ஓர் ஊருக்கு ஒரு முறை மட்டும்.'

ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்ப்போம். '5 டர்ன் உற்பத்தி' என்று வைத்தது, மூன்று காலகட்டத்திலும் தானாக வளரட்டும் என்பதற்காக. '100 உற்பத்தி' என்று நிலையாக வைத்தால் முதல் காலத்தில் அதிகம், கடைசிக் காலத்தில் உப்புக்கும் உதவாது. ஒரு காலகட்டத்தில் 3 ஊர் என்றால் 15 டர்ன் மிச்சம். தாராளம்தான். ஆனால் குடியிருப்பு வரம்பை (எத்தனை ஊர் வைத்துக்கொள்ளலாம் என்ற எல்லையை) தாண்டினால் எல்லா ஊர்களிலும் மகிழ்ச்சி குறையும் என்பதால் ஆசைக்கு ஆட்டமே கடிவாளம் போடுகிறது. '10 கட்டத்துக்கு அப்பால்' என்பதுதான் இதை ராஜேந்திரனுடையது ஆக்குகிறது, அது இல்லாவிட்டால் எந்தப் படையெடுப்பாளருக்கும் இது பொருந்தும். ஆற்றங்கரை ஊர் என்று நிபந்தனை வைக்க ஆசையாகத்தான் இருக்கும். கப்பல் போகும் ஆற்றை ஒட்டிய நகரங்களில் கட்டுமானப் பலன் ஏற்கெனவே எகிப்திய அரசி ஹட்செப்சுட்டிடம் இருக்கிறது, ஒரே ஆட்டத்தில் அதை இன்னொருவருக்குத் தர யோசிப்பார்கள்.

'ஓர் ஊருக்கு ஒரு முறை' என்பதை விட்டுவிட்டால் நடப்பது இதுதான்: ஓர் ஊரைப் பிடி, இழ, மறுபடி பிடி, ஒவ்வொரு தடவையும் 5 டர்ன் வாங்கு. இரண்டு நண்பர்கள் பேசிவைத்துக்கொண்டு ஆடினால் அதிசயங்கள் எல்லாம் ஒரே ஊரில் முளைக்கும். கணிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மறக்கும் இடம் இது. பலன் தரும் செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா என்று கேட்டு, முடியும் என்றால் அங்கேயே பூட்டுப் போடுங்கள்.

அடுத்தது சேர்க்கைச் சோதனை. ராஜேந்திரனை மங்கோலியாவோடு போட்டுப் பாருங்கள்: குதிரைகளோடு தொலைவில் ஊர் பிடிக்கலாம், வேலை செய்கிறது, கொஞ்சம் அதிகமாகவே. சோழரோடு: கப்பலில் போய்ப் பிடிக்கலாம், சரி. கடலே இல்லாத வரைபடம்: சரி. நவீன காலம்: சரி. சின்ன வரைபடத்தில் 10 கட்டம் ஒருவேளை எட்டாது. அங்கேதான் இந்தத் தலைவர் பலவீனப்பட வேண்டும், அதனால் திருத்த வேண்டியதில்லை.

சிவ் 7 தலைவருக்கு ஆறு பண்புகளில் இரண்டு உண்டு: பண்பாடு, ராஜதந்திரம், பொருளாதாரம், விரிவாக்கம், போர், அறிவியல். இங்கே போர் உறுதி. இரண்டாவதற்குப் பலர் விரிவாக்கத்தைச் சொல்வார்கள். அவனது பட்டங்களில் பண்டித சோழனும் உண்டு என்பதாலும், பலன் போய்ச் சேருமிடம் கட்டுமானம் என்பதாலும் பண்பாடு என்றே எழுதலாம்.

அப்படியானால் கடாரம்? சிவ் 7-ல் ஒரே தலைவருக்கு இரண்டு உருவங்கள் வருவதுண்டு. அசோகருக்கு உலகைத் துறந்தவர், உலகை வென்றவர் என்று இரண்டு. இரண்டுக்கும் உள்ளீடு ஒன்றுதான், மிகுதியான மகிழ்ச்சி. துறந்தவருக்கு அது உணவாகிறது, வென்றவருக்கு உற்பத்தியாகிறது. இதே அச்சில் ராஜேந்திரனை வார்த்தால் பட்டங்களே உருவத்தின் பெயர்களாகத் தயாராக இருக்கின்றன. உள்ளீடு, பிடித்த ஊர். கங்கை கொண்டான் அதை வைத்துக்கொண்டு கட்டுகிறான். கடாரம் கொண்டான் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்து, தங்கமும் இன்ஃப்ளூயன்ஸும் (ராஜதந்திரப் புள்ளிகளும்) வாங்குகிறான். ஸ்ரீவிஜயத்தை அடித்தபின் சோழர் அதைத் தம் மண்டலமாக வைத்து ஆளவில்லை என்பதோடு இது ஒத்துப்போகிறது.

எழுதிவைத்து மதிப்பெண் போடுங்கள்

கணிப்பைத் தேதியோடு, மேலே செய்த மாதிரி ஒரே பத்தியில், விதியின் வாசகமாக எழுதிவையுங்கள். 'ஏதோ போர் சம்பந்தமாக' என்று எழுதிவிட்டு அறிவிப்பு வந்ததும் 'நான் அப்போதே சொன்னேன்' என்பது கணக்கில் சேராது. செயல் சரியென்றால் 3, கை வைத்த கணக்கு சரியென்றால் 2, எண் கிட்டத்தட்டச் சரியென்றால் 1. எண்ணுக்கு ஏன் இவ்வளவு குறைவு? அது பேட்சில் (பிறகு வரும் திருத்தப் பதிப்பில்) மாறும். எதிரியைக் கொன்றால் தோமிரிஸின் யூனிட்டுக்குத் தேறும் உயிர் முதலில் 50-ஆக இருந்து, பிறகு 30-ஆகக் குறைந்தது. அறிவிப்பு நாளின் வாசகத்தை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டு அதனோடு மட்டும் ஒப்பிடுங்கள். 6-க்கு 3 வந்தால் நல்ல கணிப்பு. 5 வந்தால் அடுத்த தலைவருக்கும் அதே தாளை எடுங்கள். 0 வந்தால் நாட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தலைவருக்கு எழுதியது அநேகமாக அங்கே இருக்கும்.